அடைக்கலத்திலிருந்து இல்லத்திற்கு

சீவகாருணியம் என்னும் சொல்லுக்கு இரு படிகள் உண்டு. கொல்லாமல் விடுவது முதற்படி. விடப்பட்ட உயிர் வாழ்வதற்கு வழி செய்வது இரண்டாம் படி. முதற்படியைப் பற்றி அறநூல்கள் நிறையப் பேசியுள்ளன. மக்களும் நிறையக் கேட்டுள்ளனர். இரண்டாம் படியின் வரலாறு அவ்வளவாக அறியப்படவில்லை. அவ்வரலாற்றை அறிய நாய் என்னும் எளிய உயிரே போதுமானது. மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தும், வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது இன்னும் முடிவாகாத உயிர் அது.

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாகலூரில் இவ்வினா அன்றாடம் கண்முன் நிற்கிறது. முன்பு பாளையப்பட்டாக இருந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும். இன்று ஒருபுறம் ரோசாத் தோட்டங்களும், மறுபுறம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோரின் வாடகை வீடுகளுமாக விளங்குகிறது. வேலை மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் அங்கு வளர்ந்த நாய் பலவேளைகளில் தெருவில் நின்றுவிடும். அது ஈன்ற குட்டிகள் சரக்குந்துகள் ஓடும் சாலையோரத்தில் கண்விழிக்கின்றன. இரக்கமுள்ளவர் எடுத்துச் சென்று காப்பகத்தில் சேர்க்கின்றனர். அத்துடன் கடமை முடிந்ததென எண்ணுவோர் பலர். உண்மையில் பாதிக் கடமையே முடிந்திருக்கிறது.

கல்லில் நின்ற நாய்கள்

தமிழகமும் கருநாடகமும் நாயைப் போற்றிய நாடுகளே. செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது அது. பட்டுவீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் அவனுடைய நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை வட்டெழுத்து வரிகள் பெயர் சொல்லிக் கூறுகின்றன.

கருநாடகத்து மாண்டியா மாவட்டத்தின் ஆதகூர்க் கல்லும் புகழ்பெற்றது. தக்கோலப் போர் முடிந்தபின், 10ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. அப்போரில் சிறப்பாகப் பொருத மணலரன் என்னும் கங்கர் படைவீரன், பொன்னையும் மண்ணையும் வேண்டாது காளி என்னும் வேட்டைநாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். அந்நாய் பின்னர் ஒரு காட்டுப்பன்றியுடன் பொருது, அதனைக் கொன்று தானும் இறந்தது. அதற்காகக் கல் நாட்டி நிலமும் வழங்கினர். ஒரு நாய் ஒருவரிடமிருந்து வேறொருவரிடம் சென்ற செய்தி கல்வெட்டில் ஏறிய அரிய நிகழ்ச்சி இது.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். கோவிவன் காவல் காத்தது; காளி வேட்டையில் வென்றது. பயன்பட்ட நாய்களே கல்லில் இடம் பெற்றன. எப்பயனும் தராத நாயின் நிலை என்ன?

சிந்தாமணி காட்டிய வழி

அவ்வினாவுக்குச் சமண முனிவர் திருத்தக்கதேவர் தம் காப்பியத்தில் விடை தந்தார். சீவகசிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகிறது. அது எவரையும் காக்கவில்லை, எதையும் வேட்டையாடவில்லை. அந்தணர்க்கென ஆக்கிய சோற்றைத் தீண்டியது. அதற்காக அடிபட்டு, உயிர் போகும் நிலையில் கிடந்தது. சீவகன் அதனருகே சென்று, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். நாய் உடல் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னாளில் கட்டியங்காரனின் ஆணையால் சீவகன் கொலைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, நன்றி மறவாத சுதஞ்சணனே அவனை மீட்டுச் சென்றான்.

கதையின் வியப்பு நாய் தேவனானதில் மட்டும் இல்லை. ஓர் அரசிளங்குமரன், குற்றம் சாட்டப்பட்ட நாயின் அருகே குனிந்தான் என்பதே பெரும் வியப்பு. பயன் கருதாத இரக்கத்தை அதற்கு முன் நடுகற்கள் பாடவில்லை. எனினும் சீவகனால் அந்நாய்க்கு நல்ல சாவையே தர முடிந்தது. நல்ல வாழ்வைத் தர நேரம் இருக்கவில்லை. அவ்வாழ்வை ஓர் ஏற்பாடாக அமைக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பம்பாயில் எழுந்த கிளர்ச்சி

1832ஆம் ஆண்டு சூன் மாதம். பம்பாயில் கும்பினி அரசு தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டிருந்தது. நாய் ஒன்றுக்கு எட்டணா கூலி. கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் தெருவில் திரிந்தவற்றை மட்டுமன்றி வீட்டு நாய்களையும் இழுத்துச் சென்றனர். நாயைப் புனித உயிராகக் கருதும் பார்சி மக்கள் முதலில் எதிர்த்தெழுந்தனர். சமணரும் இந்துக்களும் இசுமாயிலி முசுலிம்களும் உடன் சேர்ந்தனர். கடைகள் அடைக்கப்பட்டன, கோட்டைக்குச் செல்ல வேண்டிய உணவுப் பொருள்கள் நின்றன. படையை அழைத்தே அரசு அமைதியை மீட்டது. ஆனாலும் மக்கள் உணர்வை அது முற்றிலும் புறக்கணிக்க முடியவில்லை; கொல்வதற்குப் பதிலாக நாய்களை நகருக்கு வெளியே அப்புறப்படுத்தும் முறைக்கு இணங்கியது.

கிளர்ச்சி அடங்கியது, நாய்கள் எங்கே போகும் என்னும் கேள்வி அடங்கவில்லை. பார்சி வணிகப் பெருமகனார் சர் சம்செட்சி சீசீபாயும், அமீசந்த் சாவும் முன்னின்று 1834இல் பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினர். வணிகர்கள் தம் சரக்குகளின் மேல் தாமே ஒரு மகமை விதித்துக்கொண்டு அதனை நடத்தினர். குசராத்தின் ஊர்களில் பிஞ்சராபோல் முன்பே இருந்தது. ஆயின் பெருநகரொன்றில், தெருநாய்களை முதன்மையாகக் கருதி எழுந்த அடைக்கலம் என்பதால் இதற்குத் தனியிடம் உண்டு. நாயைக் காப்பது கிளர்ச்சியாகத் தொடங்கி நிறுவனமாக முடிந்த வரலாறு இது. சினத்தைச் செலவாக்காமல் செயலாக்கிய வணிகரின் அறிவுடைமை போற்றத்தக்கது.

சுவரின் எல்லை

பிஞ்சராபோலின் பெருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லுதல் நேர்மை. உள்ளே வந்த உயிர் இறக்கும்வரை அங்கேயே இருக்கும் என்பதே அதன் நெறி. கிழப்பசுவுக்கு அது பொருந்தும். ஆறு வாரக் குட்டிக்குப் பொருந்துமா? காலப்போக்கில் நாட்டின் பிஞ்சராபோல்கள் பெரும்பாலும் பசுக்களின் இடமாகவே மாறின. 1906இல் சென்னை அயனாவரத்தில் தோன்றிய பிஞ்சராபோலும் கால்நடைகளுக்கே பெயர் பெற்றது.

இலண்டன் மாநகரில் வேறொரு சிந்தனை முளைத்தது. 1860இல் மேரி டீல்பி என்னும் அம்மையார் ஆலோவே பகுதியில் காணாமற்போன, பட்டினி கிடந்த நாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1871இல் பேட்டர்சீக்கு இடம் மாறி, இன்றும் அவ்வூர்ப் பெயரால் வழங்குகிறது. அதன் முதற்பெயரிலேயே ‘தற்காலிக இல்லம்’ என்னும் சொல் இருந்தது. காப்பகம் போகுமிடம் அன்று, போகும் வழி என்பதை அச்சொல் உணர்த்தியது.

அதே கருத்தைத் தில்லிச் சமணர்கள் தம் வழியில் கண்டனர். 1929இல் சாந்தினி சௌக்கில் பறவைகளுக்கான அறக்கட்டளை மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1957இல் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திர் வளாகத்திற்கு வந்தது. அடிபட்ட புறாவை அங்கே மருந்திட்டுத் தேற்றுகின்றனர். சிறகு கூடியதும் வானத்தில் விட்டுவிடுகின்றனர். பறவைக்கு வானமே இல்லம். நாய்க்கு வானம் இல்லை, காடும் இல்லை. மனிதனை அண்டி வாழவே பழகிய உயிர் அது. அதன் இல்லம் மனிதன் வீடுதான்.

சென்னையின் பங்கு

தமிழகம் இவ்வரலாற்றில் பின்தங்கவில்லை. 1959இல் சென்னையில் பெருமழை பெய்த ஒரு நாள், விமானி கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டு எடுத்து வந்தார். இந்தியாவின் முதற்பெண் விமானிகளுள் ஒருவரான அவர் துணைவியார் உஷா சுந்தரமும் பிள்ளைகளும் அவற்றைப் பேணினர். அவ்வீட்டிலிருந்தே இந்திய நீலச்சிலுவைச் சங்கம் பிறந்தது. நிறுவனம் தோன்றிப் பின்னர் நாய் வரவில்லை; நாய்க்கு முதலில் வீடு கிடைத்தது, அவ்வீடு நிறுவனமாயிற்று. இவ்வரிசை நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நாளில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. எத்தனை கொன்றும் தொகை குறையவில்லை. 1964 முதல் நீலச்சிலுவைச் சங்கம், கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்து தடுப்பூசி இட வேண்டும் என வலியுறுத்தியது. சுந்தரத்தின் மகன் முனைவர் சின்னி கிருஷ்ணா இதில் முன்னின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டபின், 1996இல் சென்னை முழுவதற்கும் இத்திட்டம் ஏற்கப்பட்டது.

சட்டத்தின் வேரும் சென்னையில்தான். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியே 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாக, உயிர்களிடம் இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசமைப்பில் சேர்ந்தது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில், கிறிஸ்டல் ரோசர்ஸ் என்னும் ஆங்கில மாது தம் முதிய வயதில், 1991இல் கியூபா என்னும் அமைப்பு தோன்றக் காரணமானார்.

அச்சத்திற்கும் இடம் உண்டு

நாயிடம் இரங்குவோர் நாய்க்கு அஞ்சுவோரை ஏளனம் செய்தல் கூடாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ யாரையும் விட்டுவைப்பதில்லை. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்ததே அந்நோயிலிருந்து மக்களைக் காக்கத்தான். தெருவில் விளையாடும் குழந்தையும் ஓர் உயிரே. அகிம்சை அக்குழந்தையையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

2025ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் எழுந்த வழக்கு இவ்விரு உணர்வுகளும் மோதிய இடம். ஆகஸ்டு 11 அன்று, தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22 அன்று மூவர் அமர்வு அதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடை செய்து தடுப்பூசி இட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அவ்வாணையில் ஒரு பகுதி பரவலாகக் கவனிக்கப்படவில்லை. விருப்பமுள்ளோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்து எடுக்கலாம். எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர்கள் பொறுப்பு. கிளர்ச்சி, காப்பகம், கருத்தடை எனப் பல படிகளைக் கடந்து வந்த நெடும்பயணத்தில் வீட்டின் கதவை நீதிமன்றமே சுட்டிக்காட்டிய தருணம் அது.

காத்திராத பருவம்

குட்டிக்கு வீடு தேடுவதில் விரைவு ஏன் வேண்டும்? அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என அவர்கள் நிறுவினர். அப்பருவத்தில் மனிதக் கையையும் குரலையும் அறியாத குட்டி, பின்னாளில் மனிதனைக் கண்டு ஒடுங்கும், அல்லது சீறும். கூட்டம் மிகுந்த காப்பகத்தில் எத்துணை அன்பான பணியாளர் இருப்பினும், ஒவ்வொரு குட்டியையும் மடியில் வைத்துப் பழக்க இயலாது. பார்வோ போன்ற தொற்றும் கூட்டத்தில் விரைந்து பரவும். ஆகவே உயிரைக் காத்த சுவருக்குள்ளேயே குட்டியின் இயல்பு தேயவும் கூடும்.

அதற்காகத் தாயிடமிருந்து முன்னரே பிரித்தலும் தகாது. எட்டு வாரம் வரை தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் இருத்தல் நலம். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி என்பது மருத்துவர் வழக்கம். உரிய வயதில் கருத்தடையும் செய்தல் வேண்டும். குட்டி ஈனும் என அஞ்சிப் பெண்குட்டிகளைப் பலர் தவிர்ப்பதால் அவையே காப்பகங்களில் மிகுதியாகத் தேங்குகின்றன. கருத்தடை அவ்வச்சத்தைப் போக்குகிறது.

எது இல்லம்?

கேட்டவர்க்கெல்லாம் குட்டியைக் கொடுத்துவிடுதல் அறமாகாது. இங்குச் சமண நூல்கள் துல்லியமான அளவுகோல் ஒன்றைத் தருகின்றன. இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்தின் பிழைகள் ஐந்தெனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவ்வைந்தையும் ஒருவர் தத்துக்கு விண்ணப்பிக்கும் வீட்டில் பொருத்திப் பார்த்தால் போதும்.

பாகலூர் வட்டாரத்தில் குட்டி கேட்டு வருவோரில் சிலர், ரோசாக் குடிலுக்கோ சரக்குக் கிடங்குக்கோ காவல் வேண்டியே கேட்பர். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து இரவெல்லாம் குரைக்கும் வாழ்வு அந்நாய்க்கு வாய்க்கும். கட்டிவைத்தலே ஐந்து பிழைகளுள் முதலாவதாக நிற்பது தற்செயல் அன்று எனத் தோன்றும். அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுதல் மூன்றாம் பிழை. உறுப்பைச் சிதைத்தல் பிழையெனில் கருத்தடையும் பிழையன்றோ என வினவுவோர் சமூகத்தில் உண்டு. வினா நேர்மையானது. மனத்தின் பிரமாதத்தால், அஃதாவது மயக்கத்தாலும் கவனமின்மையாலும், உயிருக்குச் செய்யும் ஊறே இம்சை என அதே சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. சாலையில் நசுங்கப் போகும் தலைமுறைகளை எண்ணி, மயக்க மருந்து தந்து மருத்துவர் செய்யும் சிகிச்சையை அவ்விலக்கணத்தைக் கொண்டே எடைபோடுதல் தகும்.

கடையில் விலைகொடுத்து உயர்சாதிக் குட்டி வாங்குவதற்கும் காப்பகக் குட்டியை ஏற்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் நூல்கள் காட்டுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் ஏமசந்திராச்சாரியார் இயற்றிய யோகசாத்திரம், இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களுள் நாய், பூனை, கிளி முதலியவற்றை வருவாய்க்காக வளர்த்தலையும் ஒன்றாக வைக்கிறது. விலக்கப்பட்டது வாணிகம், அடைக்கலம் தருதல் அன்று.

சமணர் வீட்டில் நாய் உண்பது எதை என்னும் கேள்வியும் எழும். 2013இல் சுவீடன் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, ஓநாயினின்று பிரிந்த நாய் மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றலை மரபணுவிலேயே பெற்றுள்ளது என்று காட்டியது. கால்நடை மருத்துவர் துணையுடன் புரதமும் ஊட்டங்களும் குறைவின்றி அமைத்தால், தாவர உணவில் நாய் நலமாக வாழ இயலும். வெறும் சோறும் பாலும் மட்டும் போதா. சமணர் அடுக்களை விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிக்கும் நஞ்சு என்பது இனிய பொருத்தம். திராட்சையும் அதன் உலர்ந்த வடிவமும், சாக்லேட்டும் அதற்கு ஆகாதவை.

கொடுப்பவர் கடமை, பெறுபவர் கடமை

நல்ல காப்பகங்கள் குட்டியைத் தரும் முன் வீட்டைப் பார்க்கின்றன. வாடகை வீடெனில் உரிமையாளர் இசைவைக் கேட்கின்றன. வீட்டிலுள்ள மூத்தோர் முதல் குழந்தை வரை எல்லோரும் உடன்படுகின்றனரா என வினவுகின்றன. வேலை மாறினால் நாயை என்ன செய்வீர் என்பதே தொழில்நகரத்தில் கேட்க வேண்டிய முதன்மைக் கேள்வி. ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறுவதும், பின்னர்ச் சென்று பார்ப்பதும், ஒத்துவராவிடில் தெருவில் விடாமல் தம்மிடமே திருப்பித் தரச் சொல்வதும் அவற்றின் வழக்கம். விலங்குச் சட்டம் நாடு முழுதுக்கும் பொது. தடுப்பூசிக் குறிப்பேடு கையிலிருப்பின், அத்திப்பள்ளிச் சாவடிக்கு அப்பாலிருந்து வரும் குட்டியும் இப்பால் வீட்டில் வளரத் தடை இல்லை.

பெறுபவர்க்கு வேண்டுவது பொறுமை. புதுவீட்டில் முதல் சில நாள் குட்டி உண்ண மறுக்கும், மூலையில் ஒடுங்கும், இரவில் அழும். உறவினரைக் கூட்டிக் காட்டாமல், ஓர் ஒதுக்கிடமும் வேளை தவறாத உணவும் அமைதியும் தருதல் வேண்டும். சில வாரங்களில் வீட்டின் ஒழுங்கை அது அறியும். சில மாதங்களில் அவ்வீட்டார் தன்னவர் என உணரும். அடித்துப் பழக்குதல் இரண்டாம் பிழை என்பதை மறவாதிருத்தல் நன்று.

நிறைவாக

பல்லவர் காலத்து மக்கள் பயன்பட்ட நாய்க்குக் கல் நாட்டினர். திருத்தக்கதேவர் பயனற்ற நாய்க்கும் வீடுபேற்றின் வழியைக் காட்டினார். பம்பாய் வணிகர் சுவர் எழுப்பி அடைக்கலம் தந்தனர். சென்னைப் பெருமக்கள் கொலையை நிறுத்தினர். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி ஏறியிருக்கிறது. இத்தலைமுறைக்கு எஞ்சியிருப்பது கதவைத் திறக்கும் சிறு செயலே.

எல்லா வீடும் நாய் வளர்க்க ஏற்றதன்று, எல்லோராலும் இயலுவதுமன்று. இயலாதோர் காப்பகத்துக் குட்டி ஒன்றின் தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். வீடு கிடைக்கும்வரை சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஊர் மாறிச் செல்லும் அண்டை வீட்டாரிடம், நாயை விட்டுவிட்டுப் போகாதீர் என ஒரு சொல் சொல்லலாம். பர்யூஷண நாட்களில் எல்லா உயிரிடமும் பொறுத்தருள வேண்டும் சமூகம், அவ்வுயிர்களுள் ஒன்றுக்கேனும் வாசலில் இடம் தருமாயின், கேட்ட மன்னிப்பு பொருளுடையதாகும்.

அறம் வளர்க! உயிர்கள் அனைத்தும் இன்புற்று வாழ்க!